பகீல் என்ற சொல்லும் சிக்கனம் என்ற போர்வையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



ஒருவரைப் பொய்யர் என்றோ மோசடிக்காரர் என்றோ சொல்ல நேர்ந்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சினத்தோடு சொல்வார்கள். ஒருவரைக் கஞ்சன் என்று சொல்லும்போது மட்டும் அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். கல்யாண வீடுகளிலும் பெருநாள் சந்திப்புகளிலும் சொல்லிச் சிரிப்பதற்கென்றே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கஞ்சனின் கதை உண்டு. அந்தக் கதையில் வருபவர் எப்போதும் வேறொருவர். அடுத்த வீட்டுக்காரராக இருந்தால் அதன் பெயர் கஞ்சத்தனம். நாமாக இருந்தால் அதன் பெயர் சிக்கனம்.

மார்க்கம் இந்தக் குணத்தைச் சிரிப்புக்குரியதாகக் கருதவில்லை. அதனை நோய் என்றது. அழிவுக்குக் காரணம் என்றது. அதனின்று அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடக் கற்றுக்கொடுத்தது. ஆகவே, கொடுக்க மனமில்லாத நிலையைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்க்க விழைகிறோம். நாம் வழங்கும் தமிழ்ச் சொற்களில் தொடங்கி, குர்ஆனின் அரபுச் சொற்களுக்குச் சென்று, மதீனாவின் இல்லங்களையும் பஸ்ராவின் பள்ளிவாசலையும் கண்டு, மீண்டும் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்வோம்.

நம் நாவில் வழங்கும் சொற்கள்

தமிழில் இக்குணத்துக்குச் சொற்கள் குறைவில்லை. கஞ்சன், கருமி, உலோபி, கசவஞ்சி, பிசினாரி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பழைய இலக்கியத் தமிழில் இவறல் என்றொரு சொல் உண்டு. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமையை அது குறித்தது. திருக்குறள் குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தில் அச்சொல்லை ஆள்கிறது. அத்துடன் நில்லாமல், யாருக்கும் பயன்படாத பொருளைப் பற்றி நன்றியில் செல்வம் என்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறது.

பேச்சு வழக்கிலோ சொல்லுக்குப் பதில் காட்சியே வந்து நிற்கிறது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்கிறோம். கையில் ஒட்டியிருக்கும் பருக்கை ஒன்று காக்கைக்கு விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிற மனிதரை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசும் குடும்பங்களில் கஞ்சூஸ் என்பார்கள். இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டுமானால் மக்கீசூஸ் என்பார்கள். குடிக்கும் பண்டத்தில் விழுந்த ஈயை எடுத்து எறியும் முன் அதையும் உறிஞ்சிவிடுபவர் என்பது அதன் பொருள். நம் ஆலிம்களின் பயான்களில் பகீல் என்ற அரபுச் சொல்லும் காதில் விழுகிறது.

இவற்றுள் உலோபி என்ற சொல் சிந்திக்கத்தக்கது. வடமொழியில் லோபம் என்பதன் பொருள் பேராசை. தமிழில் உலோபி என்றாலோ பேராசைக்காரர் என்பதைவிடக் கொடாதவர் என்ற பொருளே முந்துகிறது. பிறர் பொருளை விரும்புவதும் தன் பொருளைப் பிறருக்குக் கொடாமையும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பதை இச்சொல் தன் பயணத்திலேயே காட்டிவிட்டது. இதே உறவை அரபுச் சொல் ஒன்றிலும் நாம் காணப்போகிறோம்.

குர்ஆன் கையாளும் சொற்கள்

திருக்குர்ஆன் இக்குணத்துக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு சொல்லும் நோயின் ஒவ்வொரு பக்கத்தைத் தொடுகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவை பெரும்பாலும் உலோபித்தனம், கஞ்சத்தனம் என்றே வந்துவிடுவதால் அவற்றிடையே உள்ள வேறுபாடு நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

முதலாவது புக்ல். பகீல் என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே. குர்ஆனின் சொற்களுக்கு அகராதி வகுத்த இமாம் ராகிப் அல்-இஸ்ஃபஹானி, தடுத்து வைக்கத் தகாத இடத்தில் தன் உடைமையைத் தடுத்து வைத்தலே புக்ல் என விளக்குகிறார். தன் பொருளில் கஞ்சத்தனம், பிறர் பொருளில் கஞ்சத்தனம் என அதனை இரண்டாகப் பிரித்து, பிந்தியதே அதிகப் பழிப்புக்குரியது என்றும் சொல்கிறார். பிறர் பொருளில் எப்படிக் கஞ்சத்தனம் காட்ட முடியும் என்ற ஐயம் எழலாம். தானும் கொடாமல், கொடுக்க முன்வரும் மற்றவரையும் தடுப்பவரை எண்ணிப் பாருங்கள். அன்னிஸா அத்தியாயமும் (4:37) அல்ஹதீத் அத்தியாயமும் (57:24) கஞ்சத்தனம் செய்வதோடு அதையே மக்களுக்கும் ஏவுகிறவர்களைப் பற்றிப் பேசுகின்றன. ஏழை உறவினருக்கு மகன் உதவ நினைக்கும்போது அவன் காதில் எச்சரிக்கை ஓதும் வீட்டுப் பெரியவரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது ஷுஹ்ஹ். இது செயலின் பெயரன்று, உள்ளத்தின் பெயர். கஞ்சத்தனத்தோடு பேராசையும் கலந்து இயல்பாகவே படிந்துவிட்ட நிலை இது என ராகிப் விளக்குகிறார். கையில் உள்ளதை விட மறுப்பது புக்ல்; கைக்கு வராததன் மீது கொள்ளும் கடும் வேட்கை ஷுஹ்ஹ் என்று அறிஞர்கள் வேறுபடுத்தியதும் உண்டு. குர்ஆனில் ஷுஹ்ஹ் என்ற பெயர்ச்சொல் மூன்று இடங்களில் வருகிறது (4:128, 59:9, 64:16). மூன்றிலும் நஃப்ஸ் என்னும் உள்ளத்தைக் குறிக்கும் சொல் அதை ஒட்டியே வருகிறது. அவற்றுள் ஓரிடம் கணவன் மனைவி இடையே சமாதானம் பேசும் வசனம். பணம் பேசாத இடத்திலும், விட்டுக்கொடுக்க மனம் வராத நிலைக்கு இதுவே பெயர். மற்றோரிடம் அன்சாரிகளின் புகழ். தமக்கே தேவை இருந்தும் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களைத் தம்மினும் முற்படுத்திய மதீனாவாசிகளைப் பாராட்டிய பின்னர், தன் உள்ளத்தின் ஷுஹ்ஹிலிருந்து காக்கப்பட்டவரே வெற்றியாளர் என்று அவ்வசனம் முடிகிறது. வெற்றி செல்வத்தின் அளவில் இல்லை, உள்ளம் காக்கப்படுவதில் இருக்கிறது என்பதை இங்கே அறிகிறோம்.

மூன்றாவது கத்ர் அல்லது இக்தார். செலவைத் தேவைக்கும் கீழே நெருக்குவது இது. அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) அர்ரஹ்மானின் அடியார்களை வருணிக்கும்போது, வீண்விரயத்துக்கும் இந்த நெருக்கலுக்கும் நடுவே நேராக நிற்பவர்கள் என்கிறது. இதே வேரில் பிறந்த குதார் என்ற சொல் இறைச்சி சுடும்போது எழும் புகையைக் குறிக்கும். இப்படிப்பட்டவர் பொருளைத் தொடாமல் அதன் புகையை மட்டுமே நுகர்கிறார் போலும் என்று ராகிப் இரண்டையும் இணைத்துக் காட்டுகிறார். இறைச்சி இருக்கும், உண்பார் இல்லை.

அந்நஜ்ம் அத்தியாயத்தில் (53:34) அக்தா என்றொரு வினைச்சொல் வருகிறது. சிறிது கொடுத்துவிட்டுப் பின்னர் நிறுத்திக்கொண்ட ஒருவனைப் பற்றியது அவ்வசனம். கிணறு தோண்டுபவர் மண்ணை வெட்டி இறங்கும்போது திடீரெனக் கடப்பாறை பாறையில் மோதி நிற்கிறதே, அந்தப் பாறைக்கு அரபியில் குத்யா என்று பெயர். அக்தா என்ற வினை அதிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் மண் இளகித்தான் இருந்தது. சற்று ஆழம் போனதும் பாறை. நம்முடைய பல நன்கொடைகளும் வாக்குறுதிகளும் இப்படித்தான் ஏதோ ஓர் ஆழத்தில் நின்றுவிடுகின்றன.

கையிறுக்கம் என்று நாம் சொல்வதற்கும் அங்கே ஓர் இணை இருக்கிறது. கையைக் கழுத்தோடு பிணைத்துக்கொள்ள வேண்டாம், முற்றிலும் விரித்தும் விட வேண்டாம் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் (17:29) தடுக்கிறது. கழுத்தோடு கை பிணைக்கப்பட்டவர் அரபு நாட்டில் யார்? கைதி. கொடாதவர் தம்மைக் காவல்காரராக நினைத்துக்கொள்கிறார். வசனம் அவரைக் கைதியாகக் காட்டுகிறது.

இறுதியாக மாஊன். 107ஆம் அத்தியாயத்துக்கே இது பெயராயிற்று. வாளி, கோடரி, சமையல் பானை போன்று அண்டை வீட்டார் இரவல் கேட்கும் அற்பப் பொருள்கள் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். தொழுகையில் பராமுகமாக இருப்பதும் ஒரு வாளியை இரவல் தர மறுப்பதும் அந்த அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. கோடிகள் இருந்தால்தான் கஞ்சனாக முடியும் என்பதில்லை. ஒரு பானையும் போதும்.

மதீனாவில் இரு பெண்களின் கேள்வி

இந்தச் சொற்கள் வாழ்க்கையில் எப்படிப் புழங்கின என்பதற்கு ஹதீஸ் நூல்களில் அரிய காட்சிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு இல்லத்தரசிகளின் கேள்விகள்.

மக்கா வெற்றியை ஒட்டி இஸ்லாத்தைத் தழுவியவர் ஹிந்த் பின்த் உத்பா (ரலி). குறைஷிகளின் தலைவராக இருந்த அபூ சுஃப்யானின் மனைவி. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் கஞ்சத்தனம் உள்ளவர் என்றும், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்றும், அவருக்குத் தெரியாமல் தாம் எடுப்பதே வழியாக இருக்கிறது என்றும் முறையிட்டார். ஓர் அறிவிப்பில் அவர் சொன்ன சொல் ஷஹீஹ். ஷுஹ்ஹ் என்பதிலிருந்து வந்தது. மற்றோர் அறிவிப்பில் மிஸ்ஸீக். இறுகப் பிடித்துக்கொள்பவர் என்று பொருள். உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. கணவரை இப்படிச் சொல்லலாமா, இது புறம் அல்லவா என்று அந்தப் பெண்மணி கண்டிக்கப்படவில்லை. தீர்ப்புக் கேட்பதற்காக ஒருவரின் குறையைச் சொல்வது புறம் ஆகாது என்பதற்கு இமாம் நவவி இந்த ஹதீஸையே சான்றாகக் காட்டுகிறார். அடுத்து, குடும்பச் செலவு என்பது கணவரின் பெருந்தன்மையைப் பொறுத்த பரிசன்று, மனைவி மக்களின் உரிமை என்பது இங்கே நிலைநாட்டப்பட்டது. ஊரே மதிக்கும் தலைவராக ஒருவர் இருக்கலாம். அவர் பகீலா இல்லையா என்பது ஊருக்குத் தெரியாது, அடுப்படிக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) கேட்டது. கணவர் ஸுபைர் (ரலி) வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர என்னிடம் வேறு பொருள் இல்லை, அதிலிருந்து தர்மம் செய்யலாமா என்று அவர் கேட்டார். செய்யுமாறு சொன்ன நபியவர்கள், முடிச்சுப் போட்டு வைக்காதே, அவ்வாறு செய்தால் உனக்கும் முடிச்சுப் போடப்பட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். அங்கே வந்த சொல்லின் வேர் விகாஃ. தோல் பையின் வாயைக் கட்டும் கயிறு அது. பாலைவன வீட்டில் தண்ணீர்ப் பையின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதும் பெண்களின் அன்றாட வேலை. அந்தக் கயிற்றையே எடுத்துப் பாடம் சொன்னார்கள். ஹிந்த் தம் உரிமையைப் பற்றிக் கேட்டார். அஸ்மா தம்மால் கொடுக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு கேள்விகளும் ஒரே வீட்டுப் பணப்பையைப் பற்றியவை.

கஞ்சத்தனத்தைவிடக் கொடிய நோய் எது?

மதீனாவில் பனூ ஸலிமா என்றொரு குலத்தார் இருந்தனர். உங்கள் தலைவர் யார் என்று நபியவர்கள் அவர்களிடம் கேட்டபோது ஜத் பின் கைஸ் என்று பதில் வந்தது. ஆனால் அவர் கஞ்சத்தனம் உள்ளவர் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அதைவிடக் கொடிய நோய் வேறென்ன இருக்கிறது என வினவிய நபியவர்கள், உங்கள் தலைவர் அம்ர் பின் அல்-ஜமூஹ்தான் என்று மாற்றிவிட்டார்கள். இமாம் புகாரியின் அல்-அதபுல் முஃப்ரத் நூலில் இது பதிவாகியுள்ளது. பணத்தை விட மனமில்லாதவர் மக்களின் பொறுப்பை ஏற்கத் தகுதியற்றவர் என்பதே இங்கே தீர்ப்பு. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஜமாஅத் பொறுப்புகளுக்கும் ஆள் தேடும்போது நாம் இதனை நினைவில் வைக்கலாம்.

அதே குலத்தைச் சேர்ந்தவர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி). பஹ்ரைனிலிருந்து வருவாய் வந்தால் உனக்கு இவ்வளவு தருவேன் என்று நபியவர்கள் மும்முறை கைகளால் காட்டி அவருக்கு வாக்களித்திருந்தார்கள். பொருள் வரும் முன் நபியவர்கள் மறைந்தார்கள். அபூபக்ர் (ரலி) கலீஃபாவாக இருந்தபோது அந்தப் பொருள் வந்தது. நபியவர்கள் யாருக்கேனும் வாக்களித்திருந்தாலோ கடன்பட்டிருந்தாலோ வரலாம் என்று அறிவிப்புச் செய்யப்பட்டது. ஜாபிர் சென்றார், கிடைக்கவில்லை. மும்முறை கேட்டும் கிடைக்காதபோது அவர் மனம் நொந்து, ஒன்று எனக்குக் கொடுங்கள், இல்லையேல் நீங்கள் என்னிடம் கஞ்சத்தனம் காட்டுகிறீர்கள் என்றே பொருள் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சொல் கலீஃபாவைச் சுட்டது. கஞ்சத்தனம் என்றா சொல்கிறாய், அதைவிடக் கொடிய நோய் எது என்று வருந்திய அவர், கொடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன் என்றார். ஒரு கை அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்; 500 இருந்தது. இன்னும் இருமடங்கு எடுத்துக்கொள் என்றார். தம் செல்வத்தையெல்லாம் மார்க்கத்துக்காக வாரி வழங்கிய அபூபக்ரே அந்த ஒரு சொல்லுக்கு அப்படி நடுங்கினார். நாமோ அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

நீர்த்தொட்டியைக் கெடுத்தவன்

கொடைக்கு உவமையாக அரபுகள் ஹாதிம் தாயியைச் சொல்வதுபோல, கஞ்சத்தனத்துக்கு உவமையாக மாதிர் என்பவனைச் சொன்னார்கள். பனூ ஹிலால் குலத்தவன். தன் ஒட்டகங்களுக்குத் தொட்டியில் நீர் காட்டினான். அவை குடித்தபின் கொஞ்சம் நீர் மிஞ்சியது. அவனுக்கு அது இனித் தேவையில்லை. ஆயினும் பின்னால் வருபவர் யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதில் அசுத்தம் செய்து, தொட்டியின் மீது பூசியும் விட்டான். பூசுதல் என்று பொருள்படும் சொல்லே அவன் பெயராக நிலைத்தது.

அவனுக்கு அதனால் ஒரு காசு மிச்சமாகவில்லை என்பதை நோக்குங்கள். புக்ல் தொடங்குவது இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில்; ஷுஹ்ஹ் முற்றும்போது, பிறர் பெறுகிறாரே என்பதே பொறுக்க முடியாத துன்பமாகிவிடுகிறது.

தமிழகத்தில் இதற்கு நேர் எதிரான பெயர் நம்மிடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழி மத வேறுபாடின்றித் தமிழர் அனைவர் நாவிலும் வழங்குகிறது. இரண்டு மனிதரின் பெயர்கள் இரண்டு மொழிகளில் உவமைகளாகிவிட்டன. நம் பெயர் எதற்கு உவமையாகும் என்பதை நாம் போன பின்பு நம் உறவினர் முடிவு செய்வர்.

பஸ்ராவில் சொல் இடம் மாறியது

நபியவர்கள் காலத்துக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் பஸ்ரா நகரில் ஜாஹிழ் என்ற பேரறிஞர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 255இல் மறைந்தவர். அவர் எழுதிய நூல்களுள் ஒன்று கிதாபுல் புகலா, அதாவது கஞ்சர்களின் நூல். அப்பாஸிய ஆட்சியில் வாணிகம் செழித்து, நகரங்களில் பணம் புரளத் தொடங்கிய காலம் அது. விருந்தோம்பலே பெருமை என்றிருந்த பாலைவன மக்களின் பழைய வாழ்வு, கணக்குப் பார்க்கும் நகர வாழ்வாக மாறிக்கொண்டிருந்தது.

நூலில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. மர்வ் நகரத்தார் ஒருவர் இராக்குக்கு வரும்போதெல்லாம் ஒரு நண்பர் வீட்டில் தங்கி விருந்துண்பார். நீங்கள் மர்வுக்கு வந்தால் கைம்மாறு செய்வேன் என்று உருகுவார். ஒரு நாள் அந்த இராக்கியர் மர்வுக்கே போய்ச் சேர்ந்தார். நண்பரோ அடையாளம் தெரியாதவர்போல் நின்றார். முகமூடியாலோ என்று எண்ணி அதை நீக்கினார், தெரியவில்லை. தலைப்பாகையைக் கழற்றினார், தெரியவில்லை. தொப்பியையும் எடுத்தார். நீ உன் தோலையே உரித்துக்கொண்டு வந்தாலும் உன்னை எனக்குத் தெரியாது என்றாராம் மர்வ்காரர். இன்னொரு கதையில் நண்பர்கள் சிலர் கூடி விளக்குக்கு எண்ணெய் வாங்குகிறார்கள். ஒருவர் மட்டும் பங்கு தரவில்லை. விளக்கு எரியும்வரை அவருடைய கண்களைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். மற்றவர் காசில் அவர் வெளிச்சம் காணலாகாதல்லவா!

இந்தச் சிரிப்புக்கு நடுவே ஜாஹிழ் தம் நூலின் தொடக்கத்திலேயே ஒரு கூர்மையான கேள்வியை வைக்கிறார். இவர்கள் ஏன் புக்லுக்கு இஸ்லாஹ் என்று பெயரிட்டார்கள்? ஷுஹ்ஹுக்கு இக்திஸாத் என்று ஏன் பெயரிட்டார்கள்? இஸ்லாஹ் என்றால் சீர்திருத்தம், நல்ல நிர்வாகம். இக்திஸாத் என்றால் நடுநிலையான செலவு, சிக்கனம். கொடாமையை விவேகம் என்றும் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். நோய் அப்படியே இருந்தது, பெயர்தான் மாறியது. இன்று இக்திஸாத் என்பதே அரபியில் பொருளாதாரத்துக்குப் பெயராக வழங்குகிறது.

பஸ்ராவின் பள்ளிவாசலில் தினமும் கூடி, பணத்தைச் சேர்ப்பதும் விடாமல் காப்பதும் எப்படி என்று ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தையும் ஜாஹிழ் காட்டுகிறார். கலீஃபா மஃமூனின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய ஸஹ்ல் பின் ஹாரூன் எழுதியதாக ஒரு நீண்ட கடிதமும் நூலில் உள்ளது. தம் உறவினர் தம்மைக் கஞ்சர் எனப் பழித்ததற்கு அதில் அவர் மறுமொழி சொல்கிறார். உயர்ந்த பழங்கள் இருந்த கூடைக்கு முத்திரை வைத்தேன் என்று குறை சொல்கிறீர்கள், செருப்பைத் தைத்துப் போட்டேன் என்று குறை சொல்கிறீர்கள், நபியவர்களே தம் செருப்பைத் தைக்கவும் ஆடைக்கு ஒட்டுப் போடவும் செய்தார்களே என்று வாதிடுகிறார்.

வாதம் அழகாக இருக்கிறது. அதன் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. நபியவர்கள் ஒட்டுப் போட்டது தம் ஆடைக்கு. கேட்டு வந்தவருக்கு அவர்கள் இல்லையென்று சொன்னதில்லை. தமக்குக் குறைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுத்தார்கள். அந்தச் செருப்பைக் காட்டிப் பழக்கூடையின் முத்திரையை நியாயப்படுத்த முடியாது. எளிமை என்ற சுன்னத் கஞ்சத்தனத்துக்குப் போர்வையாகும் அபாயம் அன்றே இருந்தது.

அதே பள்ளிவாசல் கூட்டத்தில் மர்யம் என்ற பெண்மணியின் கதையும் சொல்லப்பட்டது. மகளை அவர் பொன்னும் வெள்ளியும் பட்டும் பூட்டி மணமுடித்துக் கொடுத்தார். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கணவர் வியந்து கேட்டார். மகள் பிறந்த நாள் முதல் ஒவ்வொரு நாளும் மாவு பிசையும்போது ஒரு பிடி மாவை எடுத்து வைத்து, சேர்ந்ததும் விற்றுவந்தேன் என்றார் அவர். இதைக் கேட்கும்போது நம் உம்மாமார்கள் நினைவுக்கு வருகிறார்கள். மதரஸாவுக்கென்று சோறாக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. ஒரு பிடியைக் குறைப்பது கஞ்சத்தனம் ஆகாது. அந்தப் பிடி எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

இமாம் கஸ்ஸாலியின் அளவுகோல்

சிக்கனம் எங்கே முடிகிறது, கஞ்சத்தனம் எங்கே தொடங்குகிறது? இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் நூலில் கஞ்சத்தனத்தையும் பொருளாசையையும் பழிக்கும் தனிப் பகுதியே எழுதி இதற்கு விடை தேடுகிறார். கொடுத்தாக வேண்டியவை இரண்டு வகை. ஒன்று ஷரீஅத் கடமையாக்கியது: ஸகாத், குடும்பச் செலவு போன்றவை. மற்றொன்று மனிதப் பண்பும் வழக்கமும் கடமையாக்கியது. இவ்விரண்டில் எதைத் தடுத்தாலும் ஒருவர் பகீலாகிறார்.

இரண்டாவது வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு நம் வீடுகளை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. நீதிபதி விதித்த தொகையைக் குடும்பத்துக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் அவர்கள் உண்ணும் ஒரு கவளத்துக்கும் ஒரு பேரீச்சம்பழத்துக்கும் முகம் சுளிப்பவர் கடமையை நிறைவேற்றியவராக இருக்கலாம்; ஆனாலும் அவர் கஞ்சர்தான் என்கிறார். செல்வரிடம் பழிக்கப்படுவது வறியவரிடம் பழிக்கப்படாது. அந்நியரிடம் பார்க்கும் கணக்கை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் விருந்தினரிடமும் பார்க்கலாகாது என்றும் அவர் விளக்குகிறார்.

நம் வீட்டுக்குத் திரும்புவோம்

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் முதலில் சிலரை விடுதலை செய்ய வேண்டியிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் சபுராளி என்றழைக்கப்படும் சகோதரர்கள், வளைகுடா நாடுகளில் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்து, ஒரு வேளை உணவைக் குறைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். விடுமுறையில் வரும்போது எல்லோருக்கும் அத்தர் புட்டி வாங்கி வரவில்லையென்றால் கஞ்சன் என்று சொல்லிவிடுகிறோம். கடனை அடைப்பதற்காகக் கையைச் சுருக்கும் வாப்பாவையும் அப்படியே சொல்கிறோம். தன் வயிற்றைக் குறைத்துப் பிறர் உரிமையை நிறைவேற்றுபவர் பகீல் அல்லர். அவரை அப்படி அழைப்பது அநீதி.

அடுத்து, சிலர் மீதிருக்கும் போர்வையை விலக்க வேண்டியிருக்கும். அன்னிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் மகளுக்கும் பங்கு வகுத்துவிட்டது. ஆயினும் வாப்பா மவுத்தானபின் ராத்தாவுக்கும் தங்கைக்கும் உரிய பங்கு பல குடும்பங்களில் பேசப்படுவதே இல்லை. கல்யாணத்துக்குத்தான் நிறையச் செய்தாயிற்றே என்கிறோம். சொத்துச் சிதறாமல் காக்கிறோம் என்கிறோம். கேட்டால் பிறந்த வீடு அற்றுப்போகுமோ என்று அஞ்சிச் சகோதரிகளும் வாய் மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்றும் எழுதிக்கொள்கிறோம். இங்கே தடுக்கப்படுவது நம் பொருளே அன்று, அவர்களுடையது. ராகிப் சொன்ன அந்த அதிகப் பழிப்புக்குரிய வகையும் இதன் முன் சிறிதாகிவிடும். இதற்குக் கஞ்சத்தனம் என்ற பெயர்கூடப் போதாது.

வேலை செய்தவரின் கூலியைத் தவணை சொல்லி இழுப்பதைக் கணக்கு வழக்கு என்கிறோம். ஸகாத் கணக்கிடும்போது நகைகளைக் குறைத்து மதிப்பிடுவதைத் தோராயம் என்கிறோம். மருந்துக்கு மனைவி பணம் கேட்டால் வீண் செலவு என்கிறோம். நேர்ச்சை செய்யும் பழக்கத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். நேர்ச்சை விதியை மாற்றுவதில்லை, அதன் மூலம் கஞ்சனிடமிருந்து ஏதோ வெளியே எடுக்கப்படுகிறது, அவ்வளவே என்ற கருத்தில் நபிமொழி உண்டு. துன்பம் வந்தபின் பேரம் பேசிக் கொடுப்பதைவிட, நலமாக இருக்கும் நாளில் கேட்காமலே கொடுப்பது மேலானதல்லவா?

பஸ்ராவின் பள்ளிவாசலில் நடந்த பெயர் மாற்றம் நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஆகவே சொல்லைச் சரியாக வழங்குவதும் ஓர் அமானிதம். எதற்கேனும் பணத்தைத் தடுத்து வைக்கும் வேளையில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இந்தச் சேமிப்பின் பாரத்தைச் சுமப்பது யார்? நாமே சுமந்தால் அது சிக்கனம். உரிமையுள்ள வேறொருவர் சுமந்தால் அதன் உண்மையான பெயர் புக்ல். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி நம்மைவிட நம் மனைவிக்கும் சகோதரிக்கும் நம்மிடம் வேலை செய்பவருக்கும் அதிகம். ஒரு நாள் அவர்களிடமே கேட்டுப் பார்ப்போம்; விடை கசந்தால் அபூபக்ர் (ரலி) செய்ததுபோல் அப்போதே கையைத் திறப்போம்.

கோழைத்தனத்திலிருந்தும் கஞ்சத்தனத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது நபியவர்களின் துஆக்களில் ஒன்று. இரண்டும் அச்சத்தின் பிள்ளைகளே. உயிர் போய்விடுமோ என்ற அச்சம் ஒன்று, பொருள் போய்விடுமோ என்ற அச்சம் மற்றொன்று.

யா அல்லாஹ், எங்கள் உள்ளங்களை ஷுஹ்ஹிலிருந்து காப்பாயாக. எங்கள் கைகளில் பிறர் உரிமை எதுவும் தங்கிவிடாமல் செய்வாயாக. கொடுப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியைத் தருவாயாக. ஆமீன்.